பேச்சியம்மாள் நூல் மாற்றிக் கட்டிய கதை

நாரணாபுரத்தில் பேச்சியம்மாளின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் சிரிப்பைக் கேட்காதவர்கள் கிடையாது. தண்ணீர்க் குழாயடியில் அவள் சிரித்தால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஆள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்ப்பார். கல்யாணத்தன்று முனியராஜ் தாலியைக் கையில் எடுத்ததும் அவன் விரல் நடுங்குவதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு வயது இருபது. மேளக்காரர்கூட ஒரு நொடி வாசிப்பை நிறுத்திவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டார். இழவு வீட்டுக்குப் போனால் பெண்கள் அவளைப் பின்வரிசைக்குத் தள்ளி உட்கார வைப்பார்கள். அவள் மேல் கோபமெல்லாம் இல்லை. ஒருவேளை வந்துவிட்டால் என்ன செய்வது என்கிற முன்ஜாக்கிரதைதான்.

இப்படிப்பட்டவள் இருபத்திரண்டு வருஷம் பார்த்தது பட்டாசுக் கம்பெனியில் திரி செருகுகிற வேலை. கருப்பு மருந்து தோய்ந்த மெல்லிய திரியை எடுத்து, குழாயின் வாயில் ஒரே ஆழத்துக்கு, நசுங்காமல், உதிராமல் வைக்க வேண்டும். அவள் விரலுக்கு அது தண்ணீர் குடிப்பது மாதிரி. ஆனால் மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தால் யார் பொறுப்பார்கள்? போர்மேன் தங்கச்சாமி வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிடுவார். "ஆத்தா, ஒன் சிரிப்புல உராய்வு இருக்கு. வெளிய போயிச் சிரிச்சிட்டு வா." நாளாவட்டத்தில் அவள் உடம்பு அசையாமல் வயிற்றுக்குள்ளேயே சிரிக்கப் பழகிக்கொண்டாள். விரல் பாட்டுக்குத் திரி வைக்கும், வயிறு பாட்டுக்குச் சிரிக்கும்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து கம்பெனியை மூடினவர்கள், பழைய ஷெட்டுகளை இடித்துப் புதுசாகக் கட்டப் போவதாகவும், மாசி பிறந்துதான் திறப்போம் என்றும் சொல்லிவிட்டார்கள். பேச்சியம்மாளுக்கு வீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லை. மூன்றாம் நாளே பாத்திரத்தையெல்லாம் இரண்டு தடவை விளக்கிவிட்டு, முனியராஜின் செருப்பையும் விளக்க எடுத்தாள். அவன் அச்சாபீசில் மெஷின் ஓட்டுகிறவன். "ஏ பேச்சி, செருப்ப வையி. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வேலை இருக்காம். எங்க ஆபீசுல பேசிக்கிட்டாக. வேர் கழுவுற வேலை" என்றான்.

"என்ன கழுவுறது?"

"வேரு. செடி வேரு."

பேச்சியம்மாள் செருப்பைக் கீழே போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கத்தரிக்காயைக் கழுவுவார்கள், கீரையைக் கழுவுவார்கள். வேரைக் கழுவி யாருக்குப் பரிமாறுவார்கள்? அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டாள்.

போன இடத்தில் வேர் எதுவும் இல்லை. வைப்பாற்று அணைக்கு இந்தப் பக்கம், ஊர்க்காவலன் என்கிறவரின் மானாவாரிக் காட்டு ஓரத்தில், ஒரு தகரக் கொட்டகை. அதன் முன்னால் மூன்று கல் கூட்டி, பெரிய இரும்பு டிரம்மை ஏற்றி, அடியில் தீ எரிந்துகொண்டிருந்தது. டிரம்மிலிருந்து குபுகுபுவென்று ஆவி. கண்ணாடி போட்ட ஒரு பெண் அகப்பையோடு நின்றாள். ஸ்ரீமதி என்று பெயர். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. செடிகளைப் பற்றிக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள்.

"என்ன பாப்பா, இட்லியா?" என்றாள் பேச்சியம்மாள்.

"மண்ணு, அக்கா. மண்ண அவிக்கிறேன்."

அவ்வளவுதான். கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக வயிற்றுக்குள் அடக்கி வைத்ததெல்லாம் ஒட்டுமொத்தமாக வெளியே வந்தது. பேச்சியம்மாள் கரிசல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். தூரத்தில் மேய்ந்த ஆடுகள் தலையைத் தூக்கின. காட்டுக்காரர் ஊர்க்காவலன் ஓடி வந்து, "யாத்தி, பாம்பு கீம்பு தீண்டிருச்சா?" என்றார். ஸ்ரீமதிக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவளும் டிரம்மைப் பார்த்தாள், அகப்பையைப் பார்த்தாள், தானும் சிரித்துவிட்டாள். அன்றைக்கே இரண்டு பேருக்கும் ஒத்துப்போய்விட்டது.

மண்ணை ஏன் அவிக்கிறார்கள் என்பதை ஸ்ரீமதி பொறுமையாகச் சொன்னாள். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை ஒன்று இருக்கிறது. நோய் கொடுக்கிற ஜாதி இல்லை. செடியோடு சேர்ந்து வாழ்கிற ஜாதி. அது வேருக்குள் நுழைந்து தங்கிக்கொள்ளும். அங்கேயிருந்து, முடியைவிட மெல்லிசான இழைகளை மண்ணுக்குள் நீட்டி, வேர் எட்டாத இடத்திலிருக்கிற மணிச்சத்து என்கிற பாஸ்பரசையும் தண்ணீரையும் இழுத்துக் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். அந்தப் பூஞ்சை கூட இருந்தால் வேர் எப்படி வளர்கிறது, இல்லாவிட்டால் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்காக இருக்கிற பூஞ்சையையெல்லாம் அவித்துக் கொன்றுவிட்டு, நாற்பது பிளாஸ்டிக் குழாய்களில் அந்த மண்ணை நிரப்பி, இருபதில் மட்டும் நல்ல பூஞ்சையைச் சேர்த்து, எல்லாவற்றிலும் மக்காச்சோளம் விதைக்கப் போகிறாள்.

"பூசணத்த வெலைக்கு வாங்கி மண்ணுல போடுறீகளா?" ஊர்க்காவலன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "எங்க வீட்டுல ஊறுகாய்ல கெடக்கு. சொல்லியிருந்தா சும்மாவே குடுத்துருப்பேனே."

மூவருமாகச் சேர்ந்து நாற்பது குழாய்களை நிரப்பினார்கள். இடுப்பு உயரக் குழாய்கள். பிறகு பார்ப்பதற்கு வசதியாக நெடுக்காக இரண்டாகப் பிளந்து, டேப் ஒட்டிச் சேர்த்தவை. பூஞ்சை போட்ட குழாய்க்குச் சிவப்பு நூல், போடாததற்கு வெள்ளை நூல். நூல் கட்டுகிற வேலை பேச்சியம்மாளுடையது. அவள் முடிச்சு போட்டால் கத்தரிக்கோல் இல்லாமல் அவிழாது.

கார்த்திகை, மார்கழி போயிற்று. அவள் தினமும் அளந்து தண்ணீர் ஊற்றினாள். எல்லாவற்றுக்கும் ஒரே டம்ளர், ஒரே கணக்கு. சிவப்பு நூல் செடிகள் கருகருவென்று மார்பு உயரத்துக்கு நின்றன. வெள்ளை நூல் செடிகள் முழங்காலைத் தாண்டவில்லை. ஓரம் ஊதா நிறத்தில் சிடுசிடுவென்று இருந்தன. "இதுக மூஞ்சியப் பாரு, சம்பந்தம் பேசப் போயி காப்பி குடுக்காம அனுப்புனாப்புல" என்று பேச்சியம்மாள் ஒவ்வொரு நாளும் சொல்லிச் சிரிப்பாள். வேலைக்கு வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. முனியராஜ் சாயங்காலம் டீ குடிக்கும்போது செடிகளின் செய்தி முழுவதையும் கேட்டாக வேண்டும்.

பொங்கல் கழிந்து வேர் கழுவ ஆரம்பித்தார்கள். குழாயைப் பிளந்து, மண்ணோடு தொட்டியில் ஊறப்போட்டு, சல்லடை மேல் வைத்து, மெதுவாகத் தண்ணீர் விட்டு, ஒரு இழைகூட அறாமல் மண்ணைப் பிரித்தெடுக்க வேண்டும். கை பழகுவதற்காக முதலில் காட்டோரத்துப் புல் வேர்களைக் கழுவிப் பார்த்தார்கள். ஸ்ரீமதி ஒரு வேரைக் கழுவி முடிப்பதற்குள் பேச்சியம்மாள் மூன்றை முடித்தாள். திரி பிடித்த கை அல்லவா. "எப்படிக்கா?" என்று ஸ்ரீமதி அசந்துபோய்க் கேட்டாள். "வெடிக்காதுன்னு தெரிஞ்சா எதையுந் தொடலாம் பாப்பா" என்றாள் இவள்.

வேருக்குச் சாயம் ஏற்றினால்தான் உள்ளே இருக்கிற பூஞ்சை மைக்ராஸ்கோப்பில் தெரியும். அந்த நீலச் சாயப் பொடிக்கு ஆர்டர் போட்டு ஒரு மாசம் ஆகியும் வரவில்லை. அதை விசாரிக்க ஸ்ரீமதி ஒரு நாள் மதுரைக்குப் போனாள். "பன்னெண்டு குழாயக் கழுவி, தட்டுல பரப்பி வைங்கக்கா. நூலு மட்டும் மாறாமப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பேச்சியம்மாள் கழுவினாள். செடியைக் கழுத்தில் வெட்டி, தண்டை ஒரு உறையில் போட்டு, வேரை வெள்ளைத் தட்டில் விரித்து, அதனதன் நூலைக் கட்டினாள். பன்னிரண்டு தட்டையும் வரிசையாக வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

வெள்ளை நூல் கட்டின வேர்கள் தட்டை விட்டு வழிந்தன. நீளநீளமாக, நூல்நூலாக, ஒவ்வொரு இழையிலும் பொசுபொசுவென்று மயிர். தண்ணீரில் போட்டால் பூனை வால் மாதிரி விரிந்தன. சிவப்பு நூல் கட்டின வேர்களோ கட்டை. தடித்தடியாக, குட்டையாக, மயிரே இல்லாமல் மழமழவென்று. மார்பு உயரச் செடிக்கு இந்த வேரா? முழங்கால் உயரச் செடிக்கு அந்த வேரா? ஆல மரத்துக்கு அருகம்புல் வேரும், அருகம்புல்லுக்கு ஆல வேரும் இருக்குமா? எந்த ஊர் நியாயம்?

"கெடுத்தேனே," என்றாள் பேச்சியம்மாள். "நூல மாத்திக் கட்டித் தொலைச்சேனே!"

சுற்றுமுற்றும் பார்த்தாள். ஊர்க்காவலன் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். மளமளவென்று கத்தரிக்கோலை எடுத்து, சிவப்பை வெள்ளையாக்கி, வெள்ளையைச் சிவப்பாக்கினாள். இரண்டு மூன்று வேர் நெட்டையிலும் சேராமல் குட்டையிலும் சேராமல் இருந்தன. அவற்றை என்ன செய்தாள், மாற்றினாளா விட்டாளா, அவசரத்தில் அவளுக்கே நினைவில்லை. எல்லாம் முடிந்ததும் தட்டுகள் பார்ப்பதற்கு ஒழுங்காகத் தெரிந்தன. பெரிய செடிக்குப் பெரிய வேர், சின்னச் செடிக்குச் சின்ன வேர். நிம்மதியாக பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை ஸ்ரீமதி தட்டுகளைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அக்கா! எல்லாப் புத்தகத்துலயும் வேற மாதிரி இருக்கு. பூஞ்சை இருந்தா வேருல மயிர் கொறையும், தடிக்கும்னுதான் படிச்சிருக்கேன். நம்ம செடி தலைகீழா வளந்திருக்கு!"

பேச்சியம்மாள் தட்டுகளில் தான் மாற்றிக் கட்டின நூலைப் பார்த்தாள். "தலகீழாவா?"

"ஆமாக்கா! இது புதுசுக்கா! நம்ம கரிசல் மண்ணுல வேற என்னமோ நடக்குது!" ஸ்ரீமதி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்போதே பேராசிரியர் லட்சுமிகாந்தத்துக்கு போன் போட்டாள். அவர் வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போய் அரைக் கிலோ பால்கோவா வாங்கிவந்தாள். பாதியைப் பேச்சியம்மாள் கையில் வைத்து, "நீங்க கழுவுன வேரு, அக்கா!" என்றாள்.

அந்தப் பால்கோவாவில் ஒரு விள்ளலைப் பேச்சியம்மாள் வாயில் போட்டாள். மண்ணை மென்ற மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் முனியராஜ் டீ டம்ளரோடு காத்திருந்தான். செடிகளின் செய்தி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குழாயடியில் ஒருத்தி வழுக்கிக் குடத்தோடு உட்கார்ந்தாள், பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. தெருவே பயந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி கஷாயம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்னன்னு சொல்லுத்தா. ஆசுபத்திரிக்குப் போவமா?" என்றான் முனியராஜ்.

"நூல மாத்திக் கட்டிப்புட்டேன்," என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, மெஷின் ஓட்டுகிறவனுக்கே உரிய நிதானத்தோடு, "தாளு தலகீழா ஓடுதுன்னா மெஷின நிறுத்தணும். ஓடவிட்டா லோடு பூராவும் வீணு" என்றான்.

புதன்கிழமை காலை அவள் கொட்டகைக்குள் நுழைந்ததும் நின்ற நிலையிலேயே சொன்னாள். "பாப்பா, ஒன் செடி தலகீழா வளரல. நாந்தான் தலகீழாக் கட்டுனேன். மொதல்ல சரியாக் கட்டி, தப்புன்னு நெனச்சு, தப்பா மாத்திட்டேன். என்னைய ரெண்டு அடி அடிச்சிரு."

ஸ்ரீமதி பேனாவை மூடி வைத்தாள்.

"எத்தனைய மாத்துனீங்க?"

"ஒம்பதா, பத்தான்னு தெரியல. நடுவாந்தரமா இருந்ததுல கொழப்பமாயிருச்சு."

"ஏன் மாத்துனீங்க?"

"பெரிய செடிக்குச் சின்ன வேரு இருந்துச்சு. நல்லாவா இருக்கும்?"

ஸ்ரீமதியின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று பேச்சியம்மாள் தன் முந்தானையைத் தயாராக எடுத்தாள். ஆனால் வந்தது அழுகை இல்லை. "நான் பால்கோவா வேற வாங்குனேனே!" என்று சொல்லி, மேஜையில் தலையை வைத்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அதைப் பார்த்ததும் பேச்சியம்மாளுக்குள் இரண்டு நாளாக அடைத்துக் கிடந்தது திறந்துகொண்டது. "என்னங்கத்தா, மறுபடி பாம்பா?" என்று ஊர்க்காவலன் எட்டிப் பார்த்தார்.

சிரித்து முடித்த பிறகுதான் சங்கடம் உறைத்தது. நாளை மறுநாள் பேராசிரியர் வருகிறார். பன்னிரண்டு வேரில் எது எது என்று தெரியாது. வேருக்குள்ளே பார்த்தால்தான் தெரியும். சாயமோ வரவில்லை.

"பேனா மையும் வினிகரும் போட்டாலே ஏறும்னு ஒரு கட்டுரையில படிச்சிருக்கேன்," என்றாள் ஸ்ரீமதி. "செஞ்சு பார்த்ததில்ல."

"மையா?" பேச்சியம்மாள் எழுந்தாள். "சிவகாசியில இருந்துக்கிட்டு மைக்குப் பஞ்சமா!"

அன்று மத்தியானமே முனியராஜ் அச்சாபீசிலிருந்து ஒரு டப்பா நீல மையைக் கொண்டுவந்து இறக்கினான். காலண்டரில் கண்ணன் நிறத்துக்குப் போடுகிற மை. சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். அச்சு மை எண்ணெய் மை, தண்ணீரோடு சேருமா? உருண்டை உருண்டையாகத் திரண்டு, வேரில் ஏறாமல் மற்ற எல்லாவற்றிலும் ஏறியது. சட்டி நீலம், அடுப்புக்கல் நீலம், ஸ்ரீமதியின் மூக்கு நீலம். சட்டி சரியப் போனபோது தாங்கிப் பிடிக்க வந்த ஊர்க்காவலனை, தள்ளி நிற்கச் சொல்லி பேச்சியம்மாள் லேசாக ஒதுக்கினாள். அவர் அதை மறந்துவிட்டு அதே வெள்ளை வேட்டி சட்டையோடு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனார். முதுகில் ஐந்து விரலும் பளிச்சென்று பதிந்திருந்ததாகப் பிறகு தெரிந்தது. யாருடைய கை என்று அவர் மனைவி கேட்டாளாம். வேர் கழுவுகிற கை என்று இவர் சொன்னாராம். அதை அந்த அம்மாள் நம்பவே இல்லை.

வியாழக்கிழமை பேனா மை தேடிப் புறப்பட்டார்கள். நோட்டுப் புத்தகமும் டைரியுமாக அச்சடித்து நாட்டுக்கே அனுப்புகிற ஊரில், மை ஊற்றி எழுதுகிற பேனாவுக்கு ஒரு புட்டி மை கிடைக்கவில்லை. ஏழு கடை ஏறி இறங்கினார்கள். எட்டாவது கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் துழாவி, தூசி மண்டிய ஒரு புட்டியை எடுத்து ஊதினார். "இத வச்சு என்ன எழுதப் போறீங்க?" என்றார். "எழுதலண்ணாச்சி, சமைக்கப் போறோம்" என்று பேச்சியம்மாள் உண்மையைச் சொன்னாள். வினிகரை ஃப்ரைடு ரைஸ் கடையில் வாங்கினார்கள்.

ஒவ்வொரு வேரிலிருந்தும் விரல் நீளத் துண்டு வெட்டி, அரிக்கிற காரக் கரைசலில் அவித்து நிறத்தை எடுத்து, மையும் வினிகரும் கலந்து மூன்று நிமிஷம் கொதிக்க விட்டார்கள். கொட்டகை முழுக்க ஊறுகாய் வாசம். பிறகு அலசி, கண்ணாடித் தகட்டில் வைத்து அழுத்தி, மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். முதல் துண்டு, மழமழவென்றிருந்த கட்டை வேருடையது.

"நீங்க பாருங்கக்கா. நீங்கதான் பாக்கணும்."

பேச்சியம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. ஸ்ரீமதி திருகைத் திருப்பினாள். வெள்ளை வெளேரென்று, அடுக்கடுக்காக அறைகள். அறைகளுக்கு நடுவே ஓடுகிற நீலக் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலிருந்தும் ஒரு கிளை அறைக்குள் நுழைந்து, அங்கே ஆயிரமாகப் பிரிந்து, புஸ்வாணம் மாதிரி பூத்து நின்றது.

"யாத்தே!" அவள் குரல் ஊர்க்காவலனின் காட்டைத் தாண்டிப் போயிற்று. "உள்ள பூச்சட்டி விட்டுருக்காக பாப்பா! ரூமுக்கு ரூம் பூச்சட்டி!"

அதற்கப்புறம் அவளை அந்த மைக்ராஸ்கோப்பிலிருந்து பிரிக்க முடியவில்லை. பன்னிரண்டு துண்டையும் பார்த்தாள். ஆறில் பூச்சட்டி, ஆறில் ஒன்றுமில்லை; வெறும் வெள்ளை அறைகள். நடுவாந்தரமாக இருந்த இரண்டு மூன்றைத் தவிர, பூச்சட்டி இருந்ததெல்லாம் குட்டை வேர்கள். வெற்று அறைகள் எல்லாம் நெட்டை மயிர் வேர்கள். முதலில் கட்டின நூல்தான் சரி.

"வெளிய போயிச் சம்பாரிக்கப் பூஞ்சை இருக்குல்லக்கா," என்றாள் ஸ்ரீமதி. "அதான் செடி மயிரு விடுறதுல செலவழிக்கல. வேரத் தடியா வளத்து உள்ள எடம் விட்டுருக்கு. தொணை இல்லாததுதான் தானே ஓடி ஓடி அம்புட்டு நீளத்துக்கு அலையுது. எல்லாச் செடியும் இப்படியேன்னு சொல்ல முடியாது. இந்தச் சோளம் இப்படி."

"அப்ப ரெண்டும் பங்காளின்னு சொல்லு."

"ஆமா."

"பங்காளின்னா சண்டை வரணுமே?"

"வருங்க்கா! உரத்த அள்ளிக் கொட்டுனா, செடிக்கு மணிச்சத்து சும்மாவே கெடைக்கும். அப்ப அது பூஞ்சையச் சேக்காது."

பேச்சியம்மாளுக்குப் பரம திருப்தி. "கையில காசு சேந்தா சொந்தபந்தம் கண்ணுக்குத் தெரியாது. செடின்னா மட்டும் மாறிருமா?"

வெள்ளிக்கிழமை லட்சுமிகாந்தம் வந்தார். ஒல்லியான, வழுக்கை விழுந்த மனிதர். ஸ்ரீமதி எதையும் மறைக்காமல், பால்கோவா உட்பட, சொன்னாள். பேச்சியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்றாள். வேலை போனாலும் போகட்டும், அந்தப் பூச்சட்டியை இன்னொரு தடவை பார்க்க விடுவார்களா என்பதுதான் அவள் யோசனை.

அவர் பன்னிரண்டு தட்டையும் ஒதுக்கி வைத்தார். "இந்தப் பன்னெண்டு கணக்குல சேராது. கை பட்டது பட்டதுதான். மீதி இருவத்தெட்டுக் குழாய் இருக்கு, அது போதும்" என்று ஸ்ரீமதியிடம் சொன்னார். பிறகு பேச்சியம்மாள் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க வேரப் பாத்தா மாத்துனீங்க, தொட்டுப் பாத்தா?" என்று கேட்டார்.

"பாக்கவும் செஞ்சேன் சார், தொடவுஞ் செஞ்சேன். தொட்டாலே தெரியுமே."

அவர் புதுசாக எட்டுக் குழாயைப் பிளந்து கழுவச் சொன்னார். நூலையெல்லாம் தன் கையாலேயே காகிதம் சுற்றி மறைத்து, வரிசையைக் கலைத்து வைத்தார். ஒரு துண்டை எடுத்து அவள் கண்ணைக் கட்டினார். ஊர்க்காவலன் சாட்சிக்கு வந்து நின்றார். பேச்சியம்மாள் தண்ணீருக்குள் கையை விட்டாள். விரலுக்கிடையில் ஒரு இழையை உருட்டினாள்.

"இது பூச்சட்டி. இதுவும் பூச்சட்டி. இது பூனை வால். இது வாலு. இது சட்டி... இது சட்டி. இது வாலு." எட்டாவதில் கை நின்றது. உருட்டினாள், மறுபடி உருட்டினாள். "சார், இது ரெண்டுங்கெட்டான். ஆளு பாதிதான் வந்துருக்காக."

ஏழும் சரி. எட்டாவது வெள்ளை நூல். பூஞ்சையே இருக்கக் கூடாத குழாய். "இதுல தப்பிட்டீங்கம்மா" என்றார் அவர். இருந்தாலும் ஒரு துண்டை வெட்டி, பேனா மையில் அவித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தார். நிமிரவே இல்லை.

"ஸ்ரீமதி," என்றார் குனிந்தபடியே, "இந்தக் குழாய்ல பூஞ்சை கசிஞ்சிருக்கு. அங்கங்க கொஞ்சமா இருக்கு. தண்ணி தெறிச்சுப் போயிருக்கும். இதையும் எடுத்துரு." பிறகு நிமிர்ந்து, கண்கட்டோடு நிற்கிற பேச்சியம்மாளைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அவளுக்கு அது தெரியாது. ஊர்க்காவலன்தான், "ஏத்தா, வாத்தியாரு ஒன்னையக் கும்பிடுறாரு, கண்ணத் தொற" என்று கத்தினார். அவள் துண்டை அவிழ்ப்பதற்குள் வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்து, கையிலிருந்த ரெண்டுங்கெட்டான் வேரைத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

மாசியில் கம்பெனி திறந்தது. புது ஷெட்டில் போய் உட்கார்ந்தாள். முதல் வாரத்திலேயே கூட வேலை பார்க்கிற பெண்களிடம் பூச்சட்டிக் கதையைச் சொல்ல, ஒருத்தியும் நம்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து, பதினாறு பேரைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். அவரவரும் குனிந்து, அவரவரும் ஒரு சத்தம் போட்டார்கள். அய்யம்மாள் என்கிறவள் மட்டும் நிமிர்ந்து, "நம்ம போடுறதவிட நல்லாத்தான் பூத்துருக்கு. யாரு போர்மேன்?" என்று கேட்டாள்.

ஸ்ரீமதியின் ஆராய்ச்சிப் புத்தகம் மறு வருஷம் அச்சாகி வந்தது. நன்றி சொல்கிற பக்கத்தில் பேச்சியம்மாள் பெயரும் இருந்தது. ஒரு எழுத்து விட்டுப் போயிருந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. முனியராஜ்தான் குதித்தான். "புரூப் யாரு பாத்தது? எங்க ஆபீசுல குடுத்துருந்தா இப்படி விடுவமா?" ஸ்ரீமதி இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒரு தடவை போன் செய்து, முதலில் பேச்சியம்மாளை விசாரித்துவிட்டு, அடுத்தபடி ஊர்க்காவலனின் சட்டையை விசாரிப்பாள்.

பேச்சியம்மாளுக்கு இப்போது வயது நாற்பத்தேழு. வாரத்தில் ஐந்து நாள் திரி செருகுகிறாள். சனிக்கிழமை லட்சுமிகாந்தத்தின் கல்லூரிக்குப் போய் மற்றப் பிள்ளைகளின் வேர்களைக் கழுவிக் கொடுக்கிறாள். நிலக்கடலை, பருத்தி, கம்பு, குதிரைவாலி என்று எல்லா வேரும் அவள் கையில் வந்துவிட்டன. கடுகுக் குடும்பம் மட்டும் எந்தப் பூஞ்சையையும் உள்ளே விடாது, முட்டைக்கோசும் அதன் ஜாதிதான் என்று அவர் ஒரு நாள் சொன்னார். அவளுக்கு ஒரு வாரம் மனசே ஆறவில்லை. தாளிக்கும்போதெல்லாம் கடுகைப் பார்த்து, "பெரிய இவரு! யாரு தொணையும் வேண்டாமாக்கும்!" என்று பேசினாள். வெங்காயமோ நேர் எதிர்; மயிரே இல்லாத நாலு தடித்த வேரை வைத்துக்கொண்டு முழுக்கப் பூஞ்சையை நம்பியே பிழைப்பு நடத்துகிறது.

போன வாரம் சிவகாசி மார்க்கெட்டில் வெங்காயத்தாள் கட்டு ஒன்றை எடுத்தாள். அடியில் மண்ணோடு வேர் தொங்கியது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, ஒரு வேரைப் பிரித்து, இரண்டு விரலுக்கிடையில் வைத்துக் கண்ணை மூடி உருட்டினாள். பின்னால் நாலு பேர் காத்து நின்றார்கள்.

"ஏங்க்கா, வாங்கப் போறீகளா, ஜோசியம் பாக்கப் போறீகளா?" என்றார் கடைக்காரர்.

"வாங்கத்தான் அண்ணாச்சி. இன்னுங் கொஞ்சம் மண்ணு ஒட்டுன கட்டா ரெண்டு குடுங்க."